கூட்டம் போகாத தடம்

ராசப்பனுக்குப் பள்ளிபாளையத்தில் பேர் வாங்கிக் கொடுத்தது தறி இல்லை, கொல்லிமலை. தறி ஓட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு கிடக்கிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மலை ஏறுகிற கூட்டத்தில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய், அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் பீடி பற்றவைத்துக் காத்திருக்கிற ஆள் அவன் ஒருவன்தான். கூலியைக் குறைத்தபோதுகூடச் சண்டைக்குப் போகாதவன், மலையில் தன்னை எவனோ முந்தினான் என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால் விடமாட்டான்.

எழுபத்தெட்டாம் வருடம் ஆனி பிறந்ததும் மனைவி வசந்தாமணியிடம் சொன்னான்.

"இந்த வருசம் கூட்டத்தோட வேண்டாம் புள்ள. நாம ரெண்டு பேரும் முன்னாடியே போயிட்டு வந்தரலாம். யாரும் போகாத பழைய தடம் ஒண்ணு இருக்குது."

வசந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. மகளையே கட்டிக்கொடுத்தாயிற்று, இன்னும் இருவரும் தனியாக ஈரோட்டுக்குச் சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. ஆடிக் கூட்டத்தோடு போனாலும் அவளுக்கு வாய்ப்பது அடுப்பும் புகையும்தான், புருசன் முதுகுகூடக் கண்ணில் படாது. இந்த வயதில் ஆசையைப் பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பெட்டியில் மடித்தே கிடந்த ஊதாச் சேலையை எடுத்துக் கட்டினாள். புளிச்சோறு கிளறும்போது வாய் தானாக முணுமுணுத்துப் பாடியது. பாவம், அவள் வேறு என்ன நினைப்பாள்.

சேந்தமங்கலத்தில் பஸ் இறங்கி அடிவாரத்துத் தோட்டங்களைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தடம் செங்குத்தானதும் ராசப்பன் பேச்சை நிறுத்தினான். கொஞ்ச தூரம் போய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். செருப்பு வாரைச் சரிசெய்கிறேன் என்றான். அடுத்த வளைவில் குருவி பார்க்கிறேன் என்றான். குருவி பார்க்கிற ஆளா அவன்.

அவள் பின்னால் நின்று கவனித்தாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. ஓட்டைத் துருத்தியை அழுத்தினாற்போல் ஒரு சத்தம் வந்தது. அவன் இருமி, துண்டால் வாயைத் துடைத்து, துண்டை அவசரமாகச் சுருட்டி இடுப்பில் செருகினான். துண்டிலிருந்த சிவப்பை அவள் பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த மூச்சை ஊர் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் ஆனி, அதற்குத்தான் ஆளில்லாத தடம். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. கட்டியிருந்த சேலையை நினைத்து வெட்கமாக இருந்தது. பிறகு, ஊரில் யார் முன்னாலும் நிற்க முடியாத நிலைமையில் தன்னை மட்டும் கூட்டிவந்திருக்கிறான் என்று தோன்றியதும் அந்தக் கோபம் போய்விட்டது.

அவன் மறுபடி காலெடுத்து வைக்கப் போனான். வசந்தாமணி தடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, என்னால முடியலீங்க. காலு கெஞ்சுது."

"இதுக்குள்ளயா?" என்று அதட்டத் தொடங்கியவனுக்கு மேலே குரல் வரவில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சுவிட்டான். அப்புறம்தான் வைதான். "உன்னையக் கூட்டிட்டு வந்தது என்ற தப்பு."

"ஆமாங்க" என்றாள்.

புளிச்சோற்றை அங்கேயே தின்றார்கள். அங்கிருந்தே மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். இறங்கும்போது தனக்கு வழுக்குகிறது என்று சொல்லி அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

ஆடியில் சேக்காளிகள் கூப்பிட வந்தார்கள். "நான் ஆனியிலயே போனனப்பா. இவ பாதி மலையில உக்காந்துக்கிட்டா, திரும்பிட்டோம். பாதியில திரும்புன வருசம் மறுபடி ஏறக்கூடாதுன்னு எங்கப்பன் சொல்லுவாரு" என்றான் ராசப்பன். எல்லோரும் அவளைக் கேலி செய்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவனும் சிரித்தான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தை பிறப்பதற்குள் ராசப்பன் போய்விட்டான். நெஞ்சுக் கோளாறு ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்று ஈரோட்டு டாக்டர் சொன்னது வசந்தாமணி காதோடு நின்றுவிட்டது. இழவு வீட்டில் ராசப்பனின் அக்கா கந்தம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

"வருசம் தப்பாமச் சாமி பாத்தவன் என்ற தம்பி. பாதியில திருப்பிக் கூட்டிட்டு வந்தியே, அந்தக் குத்தந்தான் அவனத் தூக்கிருச்சு. உன்ற காலு என்ன தேஞ்சா போச்சு?"

வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். மலை ஏறுகிறவன் என்கிற பேர் ஒன்றுதான் அவன் சேர்த்துவைத்துவிட்டுப் போன சொத்து.

"ஆமாங்க, என்னாலதான்" என்றாள்.

அடுத்த ஆனியில் யாரிடமும் சொல்லாமல் அதே தடத்தில் தனியாக ஏறினாள். அவள் கால் எங்கேயும் கெஞ்சவில்லை. அவன் குருவி பார்த்த வளைவைத் தாண்டி, புளிச்சோறு தின்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்தும் உடம்பில் தெம்பு இருந்தது. நினைத்திருந்தால் மதியத்துக்குள் கோயிலுக்கே போயிருக்கலாம். அவனை முந்திப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.