பத்தரைக்கு வந்த லொகேஷன்

போன் அடித்தபோது ஜெனி மொட்டைமாடியில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஆபேல்தான். காற்று இரைந்த இரைச்சலுக்குள் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது. "ஜெனி... போட் விசிறியில வலை சுத்தி... இன்ஜின் போச்சு... விக்கி... விக்கி வந்து..." அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அதே பதில். போர்வை பாதி பிழிந்தபடி கைப்பிடிச்சுவரில் கிடந்து தண்ணீர் சொட்டியது.

ஆபேல் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். செம்பாக்கத்தில் இந்த மாடிப் போர்ஷனுக்கு அவர்கள் குடிவந்து மூன்று வருடமாகிறது. விக்கி, கீழே இருக்கும் வீட்டுக்காரர் துளசிங்கத்தின் ஒரே மகன். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சின்ன ஃபைபர் போட் வாங்கிக் கோவளத்தில் நிறுத்தியிருந்தான். "சனிக்கிழம வாங்கண்ணா, ரெண்டு பேருமா போய் மீன் புடிச்சுகினு வரலாம்" என்று அவன் நாலைந்து முறை கூப்பிட்டுவிட்டான். வீட்டுக்காரர் பையனிடம் எத்தனை முறை வேண்டாம் என்பது? நீச்சல் தெரியாத ஆபேல் விடிகாலையில் விளையாட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து ஜெனி சிரித்துக்கூட இருந்தாள்.

கீழே ஓடினாள். முன்னறையில் துளசிங்கம் டிவியை ஓடவிட்டுச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விக்கியின் மனைவி வினிதா சமையலறையில் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். அடுப்பு எரியவில்லை. கையில் போன் இருந்தது.

"வினிதா, இவங்க போட் நின்னுடுச்சாம். லைன் கட்டாயிடுச்சு."

வினிதா திடுக்கிடவில்லை. அது ஜெனிக்கு அப்போது உறைக்கவில்லை.

"மெதுவாக்கா. மாமா எழுந்துடுவாரு," என்று முன்னறைப் பக்கம் பார்த்தாள் வினிதா. "வந்துடுவாங்கக்கா. அவுரு பிரண்டு வேற போட் எடுத்துகினு போறேன்னு சொல்லிக்கீறாரு."

"கோஸ்ட் கார்டுக்குச் சொல்லிடலாம். நம்பர் இருக்கு இல்ல?"

"ஐயோ, வேணாங்க்கா. போட்டுக்கு இன்னும் பேப்பரே இல்ல. போலீசு, டிவின்னு பெரிய பேஜாராயிடும். மாமாவுக்குத் தெரிஞ்சா வூட்டுலயே சேக்க மாட்டாரு. கொஞ்ச நேரம் பாக்கலாங்க்கா."

கொஞ்ச நேரம். அந்த வார்த்தை நியாயமாகத்தான் இருந்தது. மழையில்லை, புயலில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றுபோவது ஆபத்தா, வெறும் தொந்தரவா? அவர்கள் கப்பலை அனுப்பிய பிறகு இருவரும் மீன் பையோடு வந்து இறங்கினால் என்ன சொல்வது? நாளை துளசிங்கம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்? ஜெனி இதையெல்லாம் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள். ஆபேல் கடைசியாக 'விக்கி வந்து' என்றானே, அந்தக் குரல் படகைப் பற்றிப் பேசும் குரல் இல்லை என்று மட்டும் தோன்றியது. போனில் தேடி, கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழுத்தினாள். வினிதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜெனி உதறவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை.

முதலில் இந்தியில் ஒருவர். பிறகு தமிழ் பேசுகிற ஒருவர் வந்தார். குரலில் அவசரமே இல்லை. எத்தனை பேர், போட் என்ன கலர், தண்ணி உள்ளே வருதா, லைஃப் ஜாக்கெட் இருக்கா, யாருக்காவது அடிபட்டிருக்கா. ஜெனிக்குப் பாதிக்கு மேல் தெரியவில்லை. தெரியாது, தெரியாது என்றே சொன்னாள்.

"பரவால்லம்மா, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. எந்த இடம்னு ஏதாவது இருக்கா?"

ஜெனி வினிதாவைப் பார்த்தாள். வினிதா தன் போனை நீட்டினாள். திரையில் கடலின் வெறும் நீலத்தில் ஒரு சிவப்புக் குறி. விக்கி அனுப்பியது. ஜெனி அதிலிருந்த எண்களைப் படித்தாள்.

"இது எப்ப வந்ததும்மா?"

"எப்ப வந்துச்சு வினிதா?"

வினிதா தரையைப் பார்த்தாள். "பத்தரைக்கு."

ஜெனி திரையின் மேல்மூலையைப் பார்த்தாள். மணி ஒன்றரை ஆகப்போகிறது. "பத்தரைக்கு சார்," என்றாள். எதிர்முனையில் அவர் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இந்நேரம் நீரோட்டம் வடக்க இழுத்துட்டுப் போயிருக்கும். தேடறோம். இனிமே சந்தேகம் வந்தவுடனே கூப்பிட்டுடுங்கம்மா. வேணாம்னா நாங்க திரும்பி வந்துடுவோம், அதுல ஒண்ணுமில்ல. லேட்டானாதான் கஷ்டம்."

சாயங்காலம் படகு கிடைத்தது. ஆபேல் கிடைத்தான். படகில் வேறு யாரும் இல்லை.

துறைமுகத்தில் ஒரு பெஞ்சில் சாம்பல் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. காலில் ஒரு ஷூதான் இருந்தது. இன்னொன்றைக் கழற்றி ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டபோது கடலில் விழுந்துவிட்டதாம். "நான் காலைலயே சொன்னேன் ஜெனி, யாரையாவது கூப்பிடலாம்னு. விக்கிதான், இருங்கண்ணா, அப்பாவுக்குத் தெரிய வேணாம், வினிதாகிட்ட சொல்லிட்டேன், பிரண்டு வருவான்னான். யாரும் வரல. அப்புறம் தூரத்துல ஒரு விசைப்படகு தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம்ணா, நீந்திப் போய்க் கூட்டிகினு வந்துர்றேன்னு ஜாக்கெட்டக் கழட்டிப் போட்டுட்டுக் குதிச்சிட்டான். போட்ட விட்டுப் போகாத விக்கின்னு கத்தினேன். அந்தப் படகு எங்க பக்கம் திரும்பவே இல்ல. கொஞ்ச தூரம் தல தெரிஞ்சுது. அப்புறம்தான் உனக்கு லைன் கிடைச்சுது."

ஜெனி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் பத்தரைக்கு, பதினொன்றுக்கு, அதற்குப் பிறகும்கூட விக்கி படகில்தான் இருந்திருக்கிறான். இதைக் கணக்குப் போடக்கூடியவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான். அதில் ஒருத்தி கீழ் வீட்டில் இருக்கிறாள்.

மறுநாள் காலை துளசிங்கம் மாடிக்கு ஏறி வந்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. வாசற்படியிலேயே நின்றார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால், படிக்கட்டின் பாதியில், வினிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதான் போன் போட்டியாமே, நல்லா இருப்பம்மா," என்றார். பிறகு, "உனக்கு எப்ப தெரியும்?"

"இவர் ஒரு மணிக்கு மேல பேசினார் அங்கிள். கொஞ்ச நேரத்துலயே கூப்பிட்டுட்டேன்."

"அதுக்கு முன்ன யாருக்குமே தெரியாதா?"

ஜெனி அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை. உள்ளே ஆபேல் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. "உக்காருங்க அங்கிள்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருந்துவிட்டு, படிக்கட்டில் ஒதுங்கி நின்ற மருமகளைப் பார்க்காமலே கடந்து இறங்கிப் போனார்.

அப்போது மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கமிருந்து ஒரு விமானம் வந்தது. இன்னும் கிடைக்காத விக்கியைக் கடலில் தேட விமானமும் போகிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வினிதா படியிறங்கி வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். அது பெரிய பயணிகள் விமானம், கடல் பக்கம் போகாமல் மேற்கே திரும்பிப் போய்விட்டது. அவள் உள்ளே போகவில்லை. அடுத்த சத்தம் கேட்டதும் மறுபடியும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.