வூட்டுக் கதவு தொறந்திருக்கும்

…அதுக்குள்ள எட்டாவது பசங்க ஷூவோட சோபா மேல ஏறிட்டானுங்க சுகன்யா. அந்த சோபா எங்களுது கூட இல்ல. நாளைக்குக் காலைல கலையரசி அக்காவ பொண்ணு பாக்க செந்துறைலேருந்து வர்றாங்கன்னு சித்தப்பா வூட்லேருந்து தூக்கிட்டு வந்தது. மழைல நனைஞ்ச கரிசல் மண்ணு, லேசுல போவுமா? புதுசா ரோஸ் பெயிண்டு அடிச்ச செவுரு பூரா சேத்துக் கை அச்சா இருக்கு. போன்ல பேசுனா அக்கா முழிச்சுக்கும், அதான் டைப் பண்றேன்.

நீ லீவு போட்டுட்ட. ஸ்கூல் தலைவர் எலக்‌ஷன்ல ஆளுக்கொரு நாட்டுத் தலைவரப் பத்திப் பேசித்தான் ஓட்டு கேக்கணும்னுட்டாரு குருமூர்த்தி சார். சீட்டு குலுக்குனதுல எனக்கு ஆண்ட்ரூ ஜாக்சன். பழைய அமெரிக்க ஜனாதிபதி. அப்பா இல்லாத ஏழை வூட்டுப் புள்ள, போர்ல ஜெயிச்சு தளபதியாகி, பெரிய எடத்து ஆளுங்களத் தோக்கடிச்சு பதவிக்கு வந்தவரு. நானும் என்சிசி சார்ஜென்ட்டு. வுட்டேன் பாரு:

"பதவியேத்த அன்னிக்கு அவரு மாளிகைய சனங்களுக்குத் தொறந்து வுட்டாரு. நான் ஜெயிச்சா எங்க வூட்டுக் கதவும் தொறந்திருக்கும்."

ஜெயிச்சுட்டேன். சாயங்காலம் பெரம்பலூர்ல பாதி ஸ்கூலு எங்க வூட்லதான்.

அடுத்த பக்கத்தயும் படிச்சிருக்கணும்டி. அங்க வந்த கூட்டமும் சேத்துக் காலோட நாற்காலி மேல ஏறி, பீங்கானெல்லாம் ஒடைச்சு, அவரே பின்பக்கமா தப்பிச்சு ஓடுனாராம். அடிமைங்கள வேற வச்சிருந்தாராம், பழங்குடிங்கள அவங்க மண்ண வுட்டே தொரத்துனாராம். என்கிட்ட தோத்த அறிவரசன் எங்க பிரிட்ஜுல சாஞ்சுக்கிட்டு இதையெல்லாம் சொல்றான்.

"அப்ப கூட்டத்த எப்புடிடா வெளிய அனுப்புனாங்க?"

"சாராயத் தொட்டிய தோட்டத்துல கொண்டு போயி வச்சாங்களாம், தலைவரே."

நான் சாராயத்துக்கு எங்க போறது? அண்டாவுல ரஸ்னா கரைச்சு ரோட்ல வச்சேன். மொத்தமா போயிட்டானுங்க. ஒரு ஜன்னல் கதவும் கூடவே போயிடுச்சு.

அம்மாவும் அப்பாவும் அரியலூர்ல மாமா வூட்ல இருக்காங்க. காலைல மாப்ள வூட்டு வேன்லயே ஏறி வந்துருவாங்க. எல்லாரும் ஒண்ணா எறங்கி இதப் பாக்கணும், யோசிச்சுப் பாரு. நான் வாளியும் துணியுமா ஒக்காந்தேன். அக்கா வந்து வாளிய நவுத்திருச்சு.

"வுடு கவி. அப்புடியே இருக்கட்டும்."

"பாத்துட்டு வேணாம்னு போயிருவாங்கக்கா."

"போவட்டும்."

எனக்கு ஒண்ணும் புரியல. அக்கா செவுத்துல இருந்த ஒரு சின்னக் கை மேல தன் கைய வச்சு அளந்து பாத்துச்சு.

"திருச்சில பி.எட். சேரணும்னு இருந்தேன். உனக்காச்சும் ஓட்டு போட்டாங்க. என்னைய யாருடி கேட்டா?"

சொல்லிட்டுப் போயி படுத்துருச்சு. இப்ப கொறட்ட வுடுது. நான் கவுந்த சோபாவுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். தொடச்சா அக்காவ கட்டிக் குடுத்து அனுப்பிருவாங்க. தொடைக்கலன்னா அப்பா தலை நிமிர முடியாது, என் தோலும் மிஞ்சாது.

நீ சொல்லு சுகன்யா, தொடைக்கட்டுமா வேணாமா?