எல்லாமே எச்சரிக்கை

வால்டர் சாருக்கு இதைப் புரியவைக்கப் பார்த்தே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ராயபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். எண்ணூர் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்புக் கையேட்டை எக்ஸ்.எம்.எல். என்ற கணினி வடிவத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தலைப்பு, குறிப்பு, எச்சரிக்கை என்று ஒவ்வொரு பத்திக்கும் அதன் பெயர் சொல்லி டேக் என்ற அடையாளக் குறி போட வேண்டும். எந்த டேக் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஸ்டைல்ஷீட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். எச்சரிக்கைக்கு மட்டும் சிவப்புக் கட்டம். அந்தத் தொழிற்சாலையில்தான் என் அண்ணன் எழிலன் கான்ட்ராக்டில் டேங்க் கழுவுகிறான். அதனால் ஒவ்வொரு எச்சரிக்கையையும் திரும்பத் திரும்பப் படித்து டேக் போட்டேன்.

முடிக்கும் நேரத்தில் இன்சார்ஜ் வால்டர் சார் வந்து நின்றார்.

"இன்னாம்மா, பேஜு சப்புனு கீது? தலைப்பு, கேன்டீன் டைமு எல்லாம் எடுப்பா வேணுமாம் கஸ்டமருக்கு. எல்லாத்துக்கும் எச்சரிக்கை டேக்கு போட்டுடு."

"சார், டேக்கு அது இன்னான்னு சொல்றதுக்கு. கலரு அடிக்கறதுக்கு இல்ல. ஸ்டைல்ஷீட்ல ரெண்டு வரி சேத்தா தலைப்பு நீலமா வந்துடும்."

"அது ஹெட் ஆபீஸ் ஃபைலு. அதுல கைய வெச்சா எனக்குத்தான் பேஜாரு."

"கேன்டீன் டைமு எச்சரிக்கையா சார்?"

"அந்த சாம்பார துன்னு பாத்திருக்கியா நீ?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் தினம் தினம் புயல் கூண்டு ஏற்றினால் காசிமேட்டில் எவன் படகைக் கரையில் கட்டுவான்? அதையும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் போனதும் நானே அந்த இரண்டு வரியைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பார்த்தால் பழைய ஸ்டைல்ஷீட் திரும்பி வந்திருந்தது. தலைப்பு, டீ நேரம், செருப்பு விடும் இடம் எல்லாவற்றுக்கும் மனுஷர் தன் கையாலேயே எச்சரிக்கை டேக் போட்டு, சி.டி.யை அச்சகத்துக்கு அனுப்பியும் விட்டிருந்தார்.

அச்சான புத்தகத்தை எழிலன் வியாசர்பாடி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"இன்னாம்மே, இது உங்க ஆபீசுல பண்ணதா? சோக்கா கீது. கல்யாணப் பத்திரிகை கணக்கா ஒரே செவப்பு."

"படிச்சியாண்ணா?"

"மொத ரெண்டு பேஜு பாத்தேன். செருப்ப எங்க வுடறது, டீ எப்பன்னு போட்டுகீது. அதான் தெரியுமேன்னு வெச்சிட்டேன்."

புத்தகத்தைப் பிடுங்கி, டேங்க் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். முகமூடி இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது, தேங்கிய வாயு உயிரைக் குடிக்கும் என்று இருந்தது. மேலேயும் கீழேயும் அதே சிவப்புக் கட்டங்கள்.

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இது இதுல கீதா?" என்றான். "இன்னிக்குக்கூட மூஞ்சில வெறும் துண்டக் கட்டிகினுதான் மூடியத் தொறந்தேன்."