எந்தப் பையையும் தொடக்கூடாது

அந்தக் கல்யாணப் போட்டோக்காரரிடம் கேமரா இரண்டே இரண்டுதான். அதிலும் ஒன்று ஈரக்காற்று பட்டால் மக்கர் செய்யும். கேமராப் பைகளோ முப்பதைத் தாண்டிவிட்டன. அதற்குமேல் அவர் எண்ணுவதில்லை. எண்ணி வைத்தால் மனைவி கேட்கும்போது பொய் சொல்ல முடியாதே.

போட்டோ எடுக்கிறவர்களுக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். புது லென்ஸ் கட்டுப்படியாகாத மாதத்தில் மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு பை வாங்குவார்கள். அப்புறம் பை வாங்கிய காரணத்தாலேயே லென்ஸ் கட்டுப்படியாகாது. நம்மவருக்கு இது முற்றிப்போயிருந்தது. கடைக்குள் நுழைந்தால் பையைத் தோளில் மாட்டிப் பார்ப்பார், ஜிப்பை இழுத்துப் பார்ப்பார், யாரும் கவனிக்காத நேரத்தில் மூக்கை உள்ளே விட்டு மோந்தும் பார்ப்பார். வீட்டுக்கு வந்த கையோடு குறை தெரிந்துவிடும். ஒன்றில் ஜிப் சத்தம். மணப்பெண்ணின் அப்பா கண்கலங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் அதை இழுக்க, வந்திருந்த கூட்டமே திரும்பி இவரை முறைத்தது. ஒன்று வெளியேயும் கறுப்பு, உள்ளேயும் கறுப்பு; அதற்குள் விழுந்த லென்ஸ் மூடி இன்றுவரை கிடைக்கவில்லை. ஒன்று தோளில் இருக்கும்வரை தங்கம், தரையில் வைத்தால் குப்புற விழும். இன்னொன்றில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

“சரியான பை ஒண்ணு மட்டும் கிடைக்கட்டும். மிச்சம் எல்லாத்தையும் குடுத்துடுறேன்” என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். அவளும் நம்பினாள். அப்போது பைகள் ஒரு கதவின் பின்பக்கத்தோடு நின்றிருந்தன.

இப்போது அவை சின்ன அறை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரே அறை அது. ஆணியில் பை, அலமாரியில் பை, பைக்குள் பை. வேலை இல்லாத நாளில் அவர் அங்கே உட்கார்ந்து ஒரு பையின் தடுப்புகளைப் பிரித்து இன்னொன்றில் பொருத்திக்கொண்டிருப்பார். சமையலறையிலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவாள். கடைசியில் வாசலில் வந்து நின்று, “அந்த ரூமுக்குள்ள போனா மட்டும் காது அடைச்சுக்குமா உங்களுக்கு?” என்பாள்.

சத்தியமாகக் கேட்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அதோடு நிலைமை இன்னும் மோசமானது. “காது நல்லாத்தான் இருக்காம். அப்போ வேணும்னேதான் பதில் சொல்றதில்ல” என்று அவள் தன் அக்கா தங்கை எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

அவள் குரல் அப்படிப்பட்ட குரல், போனில் யாரும் பாதியில் வைக்கமாட்டார்கள். பல வருடம் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் வேலை பார்த்தாள். சண்டை போடக் கூப்பிட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். அந்த ஆபீசை மூடியபின் வீட்டில் சும்மா இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. நாவல்களை வாசித்து ஒலிப்புத்தகமாக வெளியிடும் ஒரு நிறுவனம் ஆள் தேடுவதை அறிந்து, ஹாலில் உட்கார்ந்து நாலு பக்கம் வாசித்து அனுப்பினாள்.

பதில் வந்தது. குரல் ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பின்னால் ஃபிரிட்ஜ் உறுமுகிறது, தெருவில் ஹாரன் அடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சத்தமில்லாமல் இன்னொரு முறை பதிவு செய்து அனுப்பாவிட்டால் நாவலை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். சின்ன அறை வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“சின்ன ரூமை நீ எடுத்துக்கோ” என்றார்.

“பைங்க?”

“குடுத்துடுறேன்.”

“ஏன், சரியான பை கிடைச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சு.”

அது பொய்யில்லை. போன மாதம் வாங்கிய பிரவுன் பையில் எவ்வளவு துருவிப் பார்த்தும் அவரால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஜிப் பூனை மாதிரி போய்வந்தது. உள்ளே வெளிர் சாம்பல் நிறம். தரையில் வைத்தால் வைத்த இடத்தில் நின்றது. இத்தனை வருடத் தேடல் முடிந்துவிட்டது என்ற விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று.

அவரோடு கல்யாணங்களுக்கு வரும் வீடியோக்காரர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். வயதில் சின்னவர், அதே பைத்தியத்தின் ஆரம்பக் கட்டம். “நிஜமாவா அண்ணா? அண்ணி அடிச்சாங்களா?” என்று கேட்டுக்கொண்டே, மனம் மாறிவிடப் போகிறதே என்று அவசர அவசரமாக ஏற்றினார். வேன் தெருமுனை திரும்பியபோது போட்டோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பைக்குப் போய் யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே மறுபடி துடைத்தார்.

வியாழக்கிழமை மனைவி காலி அறையில் மைக்கை வைத்து வாசித்தாள். கேட்டுப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“பாத்ரூம்ல உக்காந்து கதை சொல்ற மாதிரி இருக்கு.”

ஃபிரிட்ஜ் இல்லை, ஹாரன் இல்லை. ஆனால் வெறும் சுவர்கள் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் திருப்பி எறிந்தன. போர்வையைக் கட்டினார்கள், ஜமுக்காளத்தை விரித்தார்கள். பாத்ரூம் கொஞ்சம் பெரிய பாத்ரூம் ஆனது, அவ்வளவுதான்.

“விடுங்க. நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது போல” என்று எழுந்து போனாள்.

அவர் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். பையும் போய், வேலையும் கைநழுவுகிறது. அவளுடைய அந்த ‘நமக்கு’தான் அவரை ரொம்ப வாட்டியது.

“டீ வேணுமா?” என்றாள் உள்ளேயிருந்து.

“வேணும்” என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“நான் அங்கேர்ந்து மெதுவாத்தானே கேட்டேன்?”

“ஆமா, மெதுவாத்தான்.”

“இந்த ரூம்ல இருந்துக்கிட்டு ஒரே கூப்பாட்டுல நீங்க எப்போ பதில் சொல்லியிருக்கீங்க?”

அவர் பைகள் தொங்கிய வெற்று ஆணிகளைப் பார்த்தார். துள்ளி எழுந்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் நாலு பக்கமும் தடித்த பஞ்சு நுரை. இத்தனை காலமும் அவள் கூப்பிட்ட கூப்பாட்டையெல்லாம் அவைதான் முழுங்கியிருக்கின்றன. காது டாக்டரின் மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது.

இவர் போய் நின்றபோது வீடியோக்காரர் தன் வீட்டில் பைகளை வரிசையாக அடுக்கி, ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது நியாயமா அண்ணா?”

“நியாயமே இல்லதான். நாளைக்குள்ள அனுப்பலைன்னா அண்ணிக்குக் கிடைக்க இருந்த வேலை போயிடும்.”

வீடியோக்காரர் பைகளை வாரியெடுத்தார். தோளிலிருந்ததையும் கழற்றி வேனில் போட்டார்.

சாயங்காலம் முழுவதும் மாட்டினார்கள். மூடியைத் திறந்து, வாயை அறைக்குள் பார்த்தபடி, சுவர் தெரியாமல். இத்தனை வருடத்தில் ஒரு பையையும் ஏறிட்டுப் பார்க்காதவள் நடுவில் நின்று கைதட்டிக் கைதட்டி, எதிரொலி வருகிறதா என்று காதைத் தீட்டினாள். “அந்த நீலத்தை இன்னும் கொஞ்சம் மேல. ரெண்டு பட்டை வச்சது கதவுக்குப் பின்னால. கறுப்புல சின்னது இருந்துச்சே, எங்க அது?” பெயர் வைக்காத குறைதான். உள்ளே அவருக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் மாட்டி முடித்தும் மைக்குக்குப் பக்கத்து மூலை மட்டும் கணீரென்றது. கையில் பை மிச்சமில்லை. ஹால் நாற்காலியில் பிரவுன் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். அவள் வாயைத் திறக்குமுன் அவரே போய்க் கேமராவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பையைக் கொண்டுவந்து மூலையில் மாட்டினார். அவள் மறுபடி ஒருமுறை கைதட்டினாள். எதுவும் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பியதற்கு அன்றே பதில். முழு நாவலும் அவளுக்குத்தான். “எந்த ஸ்டுடியோன்னு கேட்டிருக்காங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சனிக்கிழமையே முதல் அத்தியாயத்தை முடித்து அவர் போனிலும் ஏற்றிவிட்டாள்.

ஞாயிறு காலை கல்யாண வேலை. அவர் பூனைபோல் சின்ன அறைக்குள் போய்ப் பிரவுன் பையின் பட்டையைத் தொட்டார்.

“எந்தப் பையையும் தொடக்கூடாது!”

“ஒண்ணே ஒண்ணும்மா. சாயங்காலம் அதே ஆணியில மாட்டிடுறேன்.”

“முதல் அத்தியாயம் ஒரு மாதிரி, ரெண்டாவது வேற மாதிரி சத்தம் வந்தா கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும். நாவல் முடியட்டும்.”

“நாவல் எவ்ளோ பெரிசு?”

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். அவர் கை பட்டையைவிட்டு விலகியது. பிறகு அவளே உள்ளே போய்க் காய்கறி வாங்கும் துணிப்பையை எடுத்துவந்து, அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, கேமராக்களைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைத்துக் கொடுத்தாள். வீடு கொள்ளாத பைகளின் சொந்தக்காரர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கல்யாண ஹாலில் அவர் கை உள்ளே போனது, கேமராவோடு வந்தது. இழுக்க ஜிப் இல்லை, திரும்பிப் பார்க்க ஆளில்லை. நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு எங்கே போனாலும் எவன் தொடப்போகிறான். லென்ஸ் மூடியில் ஒரு வெங்காயத் தோல் ஒட்டியிருந்ததைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வீடியோக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார், பட்டையை இழுத்துப் பார்த்தார், கடைசியில் மோந்தும் பார்த்தார்.

“எங்கண்ணா வாங்கினீங்க?”

“கடையில கிடைக்காது. வீட்ல குடுத்தது” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து இயர்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் செருகினார். “இதைக் கேளு.”

வீடியோக்காரர் கொஞ்ச நேரம் கேட்டார். “அண்ணி குரல் அருமையா இருக்கு.”

“குரலை விடு. அதுக்குப் பின்னால என்ன கேக்குது?”

வீடியோக்காரர் கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். “ஒண்ணுமே கேக்கலையே அண்ணா.”

“அதுதான்டா” என்றார் போட்டோக்காரர். “அதுதான் என் பைங்க.”