மச்சான் திருப்பி வாங்காத பணம்

1

பதினோராயிரத்து நானூறு. என் மனைவியின் அண்ணனுக்கு நாங்கள் தர வேண்டியிருந்த பணம். இந்தக் கதை அந்தத் தொகையிலிருந்துதான் கிளம்பியது. உயிர் எப்போது தொடங்குகிறது என்பது மாதிரி பெரிய கேள்வியெல்லாம் எனக்குத் தானாக வராது. நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டினேன். மூட்டை தூக்கும்போது வலிக்காத இடங்களெல்லாம் எழுதும்போது வலிக்கின்றன.

முதல் வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்த்தேன்.

'என் மனைவி கருவைக் கலைத்துக்கொண்டாள்.' இது ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசுவது மாதிரி இருக்கிறது.

'எங்கள் இரண்டாவது பிள்ளையை நாங்கள்' — இதை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன்.

'அவள் பிழைத்துக்கொண்டாள்.' உண்மைதான். ஆனால் பாதியை முந்தானையில் மறைத்த மாதிரி படுகிறது.

(இதில் எதை எடுக்கிறீர்கள் என்பதிலேயே நீங்கள் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். அவசரப்படாதீர்கள்.)

2

எங்களுக்கு ஒரு மகள். அவள் பிறந்தபோது என் மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு பிரசவம் வேண்டாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் மறுபடி நாள் தள்ளிப்போனது.

"எவ்வளவு ஆபத்துங்க?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா என்னால உறுதி தர முடியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள்தான் முடிவு செய்தாள். நான் மச்சானைத் தேடிப் போனேன். அவர் லாரி ஓட்டுகிறவர், எங்கள் கிடங்குக்குச் சரக்குக் கொண்டுவருகிறவர். "அவளுக்கு வயித்துல ஒரு ஆபரேஷன்" என்றேன். என்ன ஆபரேஷன் என்றுகூடக் கேட்காமல் சீட்டுக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். "முதல்ல அவளப் பாரு மாப்ள."

(பெஞ்சில் அவள் விம்மி விம்மி அழுததாக எழுதியிருந்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நான் எங்க அழுதேன்? அழுதது நீங்க. நான் பசிக்குது, பன்னு வாங்கிட்டு வாங்கன்னேன்" என்றாள். அழாத பெண்ணை யார் நம்புவார்கள் என்றேன். "நம்பாதவங்க படிக்க வேணாம். எழுதறவரு மட்டும் என்னை நம்பிட்டாராக்கும்?" என்றாள். அழுகையை அடித்துவிட்டேன். பன் இருக்கட்டும்.)

3

மச்சானைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக ஓடும். 'கல்நெஞ்சுக்காரரான அவர்' என்று தொடங்கினேன். அதோடு நின்றுவிட்டது.

ஏனென்றால், அவர் வீட்டில் பிள்ளை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் ஆரம்பத்திலேயே போய்விட்டது. இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது போனபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளை போயிடுச்சே மச்சான்" என்று அழுதேன். ஒப்புக்கு அழவில்லை.

என் மனைவி தையல் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துப் பணத்தைச் சேர்த்தாள். சேர்ந்ததும் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அது என்ன ஆபரேஷன் என்பதை அவளே சொன்னாள்.

அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். "எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"எங்களோடதும் ரெண்டு மாசந்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து பிள்ளை பிள்ளைன்னு அழுதியே மாப்ள. அது நடிப்பா?"

"இல்ல மச்சான்."

"அப்ப இது என்ன?"

(இந்தக் கேள்விக்கு, பிறகு யோசித்து, ஒரு நல்ல பதில் எழுதிவைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் அழுதபோதும் நான் பொய் சொல்லவில்லை, இவள் முடிவோடு நின்றபோதும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்கின்றன. நல்ல பதிலைக் கிழித்துப்போட்டேன்.)

"அவர ஏண்ணே கேக்கறே? என்னைக் கேளு" என்றாள் அவள். "உசுரு இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. இருந்துச்சு. தெரிஞ்சுதான் போனேன். வெளிய ஒருத்தி அம்மா அம்மான்னு நிக்கறா. அவளுக்கு நான் வேணும்."

பணத்தை நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தக் காச நான் தொட மாட்டேன்."

"வாங்கிட்டா நீ கடன் குடுத்தவன், அவ்வளவுதான். வாங்கலைன்னா அந்தச் செலவப் பண்ணுனதே நீதான்னு ஆயிடும். யோசிச்சுக்கோ."

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

4

இங்கே சில முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார், அதோடு அண்ணன் தங்கை உறவு முடிகிறது. இன்னொன்றில் பணத்தை விசிறி அடித்துக் கத்துகிறார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதைக்குள் வந்துவிட்டார்கள். அவர்களை எப்படி வெளியே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாசலில் நின்று செருப்பு மாட்டினார்.

"நீ பண்ணுனது தப்பு. சாகற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்" என்றார். "ஆனா அந்தத் தப்புல என் பங்கும் இருக்கட்டும். நீ தனியாச் சுமக்காதே. பணம் வேணாம். கடன்னு ஒண்ணு இல்ல, விடு."

படியிறங்கிப் போய்விட்டார்.

ஒரு மனுஷனால் இதைவிட என்ன செய்ய முடியும் என்று நான் மலைத்து நின்றேன். அவளைப் பார்த்தேன். முகம் இறுகிக் கிடந்தது.

"யாரு பங்கு கேட்டா?" என்றாள். "முதுகு ஒடியத் தைச்சது எதுக்கு? இது என்னோடதா மட்டும் இருக்கணும்னுதானே."

கடன் தள்ளுபடியாகிவிட்டது. அதைக் கேட்காதவளின் கையில் பணம் அப்படியே இருக்கிறது. கீழே அவர் லாரி இன்னும் கிளம்பவில்லை. கதவு திறந்திருக்கிறது.

அவள் இறங்கிப் போனாளா, கதவைச் சாத்தினாளா என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் நானும் ஒரு பங்கு எடுத்ததாகிவிடும். முடித்தே ஆக வேண்டும் என்கிறவர்கள், அவளைக் கேட்டுக்கொண்டு முடியுங்கள்.