மேலமடை கேட்ட சொல்

வடகரைக்குடி மேலமடையின் இரும்புப் பலகைக்கு ஆண்டுக்கொரு ஆங்கிலச் சொல் கொடுத்தால்தான் அது மேலே ஏறும். மேட்டூர்த் தண்ணீர் வெண்ணாற்று வழியாக வந்து மடையைத் தொட்டதும் பலகையின் துருவில் சில ஆங்கில எழுத்துகள் ஈரமாக எழும்பும். அவை அத்தனையும் அடங்கிய ஒரு சொல்லை மடைக்காரர் வீட்டு ஆள் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரிசை மாறியிருக்கலாம், கூடவே வேறு எழுத்துகளும் இருக்கலாம். ஆனால் சொல்கிறவர் அந்தச் சொல்லோடு புழங்கியிருக்க வேண்டும். படித்து ஒப்பிக்கிற சொல்லுக்குப் பலகை அசையாது. நீடாமங்கலத்துக்குக் கடைசி பஸ் எப்போது என்று சொல்வதைப் போலத்தான் ஊரார் இதையும் சொல்வார்கள்.

மடைக்காரர் வீடு என்றால் பஞ்சநதத்தின் வீடு. அவருடைய தாத்தா குளிர்காய்ச்சலில் கிடந்த வருஷம் எம், எல், ஆர் என்று எழுத்துகள் வந்தன. அவரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். பற்கள் தந்தியடிக்க ‘மலேரியா’ என்றார், பலகை ஏறியது. பஞ்சநதம் தாலுகா ஆபீஸிலிருந்து வெளியே வந்த வருஷம் ‘ரிட்டையர்மெண்ட்’ கொடுத்தார். மகன் அரவிந்தன் தோஹாவுக்குக் கிளம்பிய வருஷம் ‘விசா’ கொடுத்தான். சொல்லப்போகிறவரை வீட்டுத் தலைவர் உறவுமுறை சொல்லி ஊர் முன்னால் அழைக்க வேண்டும் என்பது வழக்கம். அழைக்காமல் சொன்னால் அது அந்நியர் சொல். இதற்காக அந்த வீட்டுக்கு முதல் தண்ணீரும், கோயிலில் பரிவட்டமும் உண்டு. பஞ்சநதத்துக்கு நிலத்தைவிட அந்தப் பரிவட்டம் பெரிது.

அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். விஜயலட்சுமி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்து, உடன் படித்த புகழேந்தியைச் சொந்தம் பார்க்காமல், வீட்டில் கேட்காமல், பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்த காலையில் பஞ்சநதம் ஆற்றுக்குப் போய் அவளுக்காகத் தலைமுழுகிவிட்டு வந்தார். அன்று நனைந்த தலை பிறகு காயவே இல்லை. சித்திரை வெயிலில் நின்றாலும் காதோரம் சொட்டிக்கொண்டே இருந்தது. முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலைத் துடைத்துத் துடைத்து வெட்டினார். தஞ்சாவூர் டாக்டர் சளி பிடிக்காமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவி மங்களாம்பிகை தினமும் தலையணையை வெயிலில் போட்டாள். பஞ்சநதம் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு முதுகு வளையாமல் நடந்தார். அதைப் பற்றி அவரிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

இந்த வருஷம் தண்ணீர் வந்ததும் பலகையில் ஓ, எக்ஸ், ஒய், என், சி என்று எழுந்தன. பஞ்சநதம் தம் சொற்களையெல்லாம் துழாவினார். அகப்படவில்லை என்றே ஊருக்குச் சொன்னார். இளைஞர்கள் போனில் எழுத்துகளைத் தட்ட, சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. அரவிந்தன் தோஹாவிலிருந்து வீடியோவில் வந்தான். தகப்பனார் முறைப்படி அவனை அழைத்தார். “காண்டெக்ஸ்சுவலி” என்றான். பலகை அசையவில்லை. “அப்படின்னா என்னடா?” என்று யாரோ கேட்டதற்கு அவனுக்கே பதில் தெரியவில்லை.

குறுவை நாற்றங்கால்கள் தண்ணீரின்றிப் பழுக்கத் தொடங்கின. கீழத்தெரு சாம்பசிவம் பல வருஷம் காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

“என்ன பஞ்சநதம், ஸ்டாக் தீந்துபோச்சா? நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பாப்போம். அப்பறம் கேஸ் கட்டர் வச்சு அறுத்துட்டு நான் புதுப் பலகை போட்டுக்கறேன். மடையும் என்னோடது, பரிவட்டமும் என்னோடது.”

நாற்று காய்கிற ஊர் சரியென்று தலையாட்டியது.

உண்மையில் எழுத்துகளைப் பார்த்த கணத்திலேயே பஞ்சநதத்துக்குச் சொல் தெரிந்துவிட்டது. பங்குனியில் அவர் வீட்டுச் சிவப்புப் பசு கன்று போட்டு, நஞ்சுக்கொடி விழாமல் தவித்தது. மங்களாம்பிகை அவரைக் கேட்காமல் மகளுக்குப் போன் செய்தாள். விஜயலட்சுமி வந்தாள். அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொழுவத்திலிருந்து குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. “ஆக்ஸிடோசின் ஊசி போட்டிருக்கேம்மா. பயப்படாதீங்க, விழுந்துரும்.” கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். பசு பிழைத்தது.

கெடு நாளின் உச்சிப்பொழுதில், ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவர் மடைக்குப் போனார். பலகைக்கு அருகில் குனிந்து அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார். பலகை ஒரு நடுக்கம் நடுங்கி, விரலளவு எழும்பி, சட்டென்று கீழே அமர்ந்தது. சொல் சரி, வாய்தான் சரியில்லை. தலையிலிருந்து தண்ணீர் சட்டைக்குள் ஓடியது.

சாயங்காலம் ஊர் முழுவதும் கரையில் நின்றது. எதிர்க்கரையில் ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு, முட்டுவரை ரப்பர் பூட்ஸோடு விஜயலட்சுமியும் நின்றாள். போன் செய்தது யாரென்று பஞ்சநதம் விசாரிக்கவில்லை. வெல்டிங் ஆள் நெருப்பைப் பற்றவைத்து, நீலமாகும்வரை திருகினான்.

“கூப்பிடப் போறீங்களா, அறுக்கறத பாத்துக்கிட்டு நிக்கப் போறீங்களா?” என்றாள் மங்களாம்பிகை, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“தலைமுழுகினவளை எந்த வாயால கூப்பிடறது?”

“உங்க பசுவைப் பொழைக்க வச்சது அவதான். அது தெரிஞ்சுதான பால் குடிக்கறீங்க?”

நெருப்பு பலகையைத் தொட்டது. துரு சிவந்து, ஓ என்ற எழுத்தின் விளிம்பு கருகத் தொடங்கியது. அவருடைய பாட்டனும் தகப்பனும் நின்ற இடம் அது. அங்கே சாம்பசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நிறுத்துப்பா” என்றார் பஞ்சநதம்.

வெல்டிங் ஆள் நிமிர்ந்தான்.

“யாரக் கூப்பிடப் போறீங்க?” என்றார் சாம்பசிவம். “உங்க வீட்லதான் வேற ஆளே கெடையாதே.”

பஞ்சநதம் தலைப்பாகையை அவிழ்த்தார். இத்தனை வருஷம் மறைத்துவைத்த ஈரத்தலையை ஊர் பார்த்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

“என் மக விஜயலட்சுமி சொல்லுவா.”

எதிர்க்கரையில் அவள் அசையவில்லை.

“இந்தப் பக்கம் கேக்கலப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சநதம் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டும்போது நிற்பதைப் போல நிமிர்ந்து, வாய்க்காலின் இரண்டு பக்கமும் கேட்கும்படி கத்தினார்.

“என் மக! விஜயலட்சுமி! சொல்லுவா!”

அவள் கரையிறங்கவில்லை. மிரளும் மாட்டிடம் பேசுகிற தாழ்ந்த குரலில், நின்ற இடத்திலிருந்தே, “ஆக்ஸிடோசின்” என்றாள்.

பலகை கிறீச்சிட்டு முழுதாக ஏறியது. தேங்கிநின்ற தண்ணீர் ஒரு மூச்சில் கிளை வாய்க்கால்களுக்குள் இறங்கியது. பொழுது அடங்குவதற்குள் நாற்றங்கால்கள் நனைந்தன. வெல்டிங் ஆள் சிலிண்டரை மூடிவிட்டு டீ கேட்டான். சாம்பசிவம் தம் வயல் மடையைத் திறக்க மண்வெட்டியோடு ஓடினார். அந்த வருஷம் பரிவட்டம் விஜயலட்சுமிக்குக் கட்டினார்கள். புகழேந்தி பக்கத்தில் நின்றார். பஞ்சநதம், மருமகன் வெயிலில் நிற்கிறாரே என்று கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டார்.

மடை திறந்த மறுநாள் காலை மங்களாம்பிகை தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இருந்தாலும் பழக்கத்தில் அதை வெயிலில் போட்டாள். உள்ளேயிருந்து பஞ்சநதம் குரல் கொடுத்தார்.

“தலையெல்லாம் வறண்டு கெடக்கு. கொஞ்சம் எண்ணெய் கொண்டா.”

அவள் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துப் போனாள்.