ருசி பார்க்க ஓர் ஆள்

…இன்னும் ஒரு கரண்டி சீனி போடலாமா வேண்டாமா, போட்டால் தித்திப்பு ஏறிவிடுமோ, போடாவிட்டால் இந்தக் கொரிய மிளகாய் விழுது தொண்டையைப் பிடிக்குமோ, நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் அரை நொடியில் தெரிந்துவிடும், ஆனால் மணி ஐந்தே கால்தான் ஆகிறது, நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது, ருஸ்னானி கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு மோந்து மட்டும் பார்த்தாள். சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று மசூதியில் பெண்களுக்குப் பாடம் நடத்துகிற அம்மா சொல்லத்தான் சொன்னார், அதை நம்பிப் போன வருஷம் இறைச்சிக் குழம்பை நக்கிப் பார்த்து, துப்புவதற்குள் விழுங்கிவிட்டு, அன்று முழுக்க மனசு அரித்தது, அதிலிருந்து அந்த விஷப்பரீட்சையே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். சரி, துப்பினால்தான் என்ன தெரிந்துவிடப் போகிறது? சம்பலாக இருந்தால் வாசனையை வைத்தே உப்புச் சொல்லிவிடுவாள். இது அவள் ஜென்மத்தில் தின்றறியாத சாமான். தின்றறியாததை, தின்னக் கூடாத நேரத்தில், தன்னோடு முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெண்ணுக்காகக் கிண்டிக்கொண்டிருக்கிறாள்… புத்தியுள்ளவள் செய்கிற வேலையா இது?

அந்தப் பெண் உள்ளே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. கிஸ்தினா, பதிமூன்று வயசு, புருஷன் ரஹிமியின் மூத்த சம்சாரத்துப் பிள்ளை. அந்த மூத்தவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு எட்டு வயசு, அடுத்த வருஷம் ருஸ்னானி இந்த வீட்டுக்கு வந்தாள், நாலு வருஷமாகிறது, இன்றைக்கும் பிள்ளைக்கு இவள் அம்மா இல்லை, மக்சிக்தான், தெருவில் போகிற எந்த அத்தையையும் கூப்பிடுகிற அதே மக்சிக். காய் விற்கிறவளும் மக்சிக், பள்ளிக்கூடத்துக் காவல்காரியும் மக்சிக், நானும் மக்சிக். மரியாதையான வார்த்தைதான், குறை சொல்ல முடியாது. சாப்பிட்டாச்சா என்றால் ம், பாடம் முடிந்ததா என்றால் ம், மற்றபடி கொரிய நாடகம், கொரியப் பாட்டு, சுவர் முழுக்கப் பால்வடியும் முகங்களோடு கொரியப் பையன்கள். போன வாரம் சிநேகிதியிடம் போனில், “பஸார்ல விக்கிறது கொரியன் பர்கரே இல்லடி, சும்மா சாஸை ஊத்தித் தர்றான், நிஜமானது ரெண்டு தடவ பொரிக்கணும், முள்ளங்கி ஊறுகா வைக்கணும்” என்று இவள் காதுபடச் சொன்னாள். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அந்த வாயிலிருந்து ருஸ்னானி கேட்டது அதுதான் முதல் தடவை. ரெண்டு தடவ பொரிக்கணுமா, பொரிக்கிறேன். தைப்பிங் டவுனில் மூன்று கடை ஏறி இறங்கி, டப்பாவைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடி, கடைசியில் ஒன்றைப் பிடித்தாள், கடைக்காரப் பெண்கூட, “என்ன மக்சிக், கொரியாவுக்கே போறீங்களா?” என்று சிரித்தது. தொடைக்கறியை எலும்பு நீக்கி, பூண்டும் இஞ்சியும் தடவிப் பாலில் ஊறப்போட்டு, முள்ளங்கியைச் சீவி வினிகரில் போட்டு, எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்தச் சிவப்பு விழுது கொதித்ததும் கை தன் போக்கில் மேல் தட்டுக்குப் போய் பெலாச்சானைக் கிள்ளிப் போட்டுவிட்டது, நாற்பது வருஷமாக மிளகாய் கொதித்தால் இறால் விழுது விழுந்தே தீரும் என்று பழகின கை, அதற்குக் கொரியா தெரியுமா? போட்டபிறகுதான் ஐயோ என்றது.

ஆசையாகச் செய்கிறாய் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள். ஆசை மட்டுமில்லை. அது அவளுக்குத் தெரியும். முந்தாநாள் பின்கட்டுக் குப்பையில், நாளிதழில் நாலு சுற்றுச் சுற்றி, காலி நூடுல்ஸ் கப் ஒன்று கிடந்தது. நேற்று எண்ணி வாங்கிய ஆறு பன்னில் இன்றைக்கு ஐந்துதான் இருக்கிறது. விடியுமுன் ஸஹருக்கு எழுந்து உட்கார்ந்து நல்ல பிள்ளையாகச் சோறு தின்றுவிட்டு, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நூடுல்ஸா? தொழுகை உடுப்பும் நாலு நாளாக வைத்த மடிப்பு கலையாமல் கிடக்கிறது. போதாததற்குப் புதன்கிழமை தன் படுக்கை விரிப்பைத் தானே துவைத்துக் காயப்போட்டிருந்தாள், என் கை பட்டால் அழுக்காகிவிடுமாக்கும் என்று இவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடுதான் இன்றைக்கு விடியுமுன் பிள்ளை அறைக்குப் போனதும் புருஷனிடம், “அபாங், உங்க பொண்ணு நோன்பு பிடிக்கிற மாதிரி தெரியல” என்று ஆரம்பித்தாள்.

“யாரு, கிஸ்தினாவா? ஏழு வயசுலேர்ந்து ஒண்ணு விட்டதில்ல அவ.”

“கப்பு கெடந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

அவர் முகம் விழுந்தது. மசூதியில், வேலைக்குப் போகிற வீட்டில், ஏ.சி. பெட்டியைக் கழற்றிக்கொண்டே வாடிக்கையாளரிடம்கூட, என் பொண்ணு நோன்பு விடாது என்று பெருமையடிக்கிற மனுஷன். “சரி, இன்னிக்கி நோன்பு தெறக்கறப்ப நேராவே கேட்டுடறேன்” என்று எழுந்து போனார். கேட்கட்டுமே, பெற்றவர் கேட்காமல் யார் கேட்பது… கவலையில்தானே சொன்னேன்? முக்கால்வாசி கவலைதான். மிச்சக் கால்வாசி? சொல்லும்போது உள்ளே குளுகுளுவென்று ஒன்று இருந்தது, அப்பாவின் செல்லம் ஒரு படி இறங்கட்டும் என்று. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்குத்தான் இந்தப் பர்கர். ராத்திரி திட்டு விழப் போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுக்கிற லஞ்சம்.

மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் நாலு மணிக்கு வர வேண்டிய மழை இன்றைக்கு ஐந்தரைக்கு வருகிறது, அதற்கும் நோன்புக் களைப்பு போலிருக்கிறது. கறித்துண்டுகளை உருளைக்கிழங்கு மாவில் புரட்டி எண்ணெயில் விட்டாள், முதல் பொரியல், வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறவிட்டு மறுபடியும். இந்த வருஷம் முப்பது நோன்பும் விடாமல் பிடிக்கப் போகிறாள், இதோ பதினெட்டாவது. இத்தனை வருஷமும் நடுவில் ஆறு நாள் ஏழு நாள் லீவு வரும், தூரமான நாட்களில் பெண்களுக்கு நோன்பில்லை, அதை இங்கே எல்லோரும் லீவு என்றுதான் சொல்வார்கள், மேலே இருக்கிறவன் கொடுத்த லீவு. எட்டு மாதமாக அந்த லீவு இல்லை. ரஹிமிதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், நாற்பத்தேழு வயசு, சாதாரணம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார், வேனில் திரும்பி வரும்போது இவர், “நல்லதாப் போச்சு, இனிமே முப்பதும் பிடிக்கலாம் நீ” என்று சிரிக்கப் பார்த்தார். அவளும் சிரித்தாள். ஒரு பிள்ளை, தனக்கென்று ஒன்றே ஒன்று, நாற்பத்துமூன்றில் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு அந்த ஆசையே பேராசைதான், இருந்தாலும் இருந்தது, அதுவும் அன்றைக்கு அந்த வேனிலேயே முடிந்தது. அலமாரிக் கோடியில் நாப்கின் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இன்னும் கிடக்கிறது. யாருக்கென்று வைத்திருக்கிறாய், தூக்கிப் போடேன்? போட மனசு வரவில்லை.

இரண்டாவது தடவை எண்ணெய் காய்ந்து, கறி சடசடவென்று பொன்னிறத்துக்கு வரும்போது பின்னால் கதவுச் சத்தம். கிஸ்தினா. வாசனைக்கு வந்திருக்கிறாள், வராமல் எங்கே போவாள். வாசற்படியில் நின்று சட்டியை எட்டிப் பார்த்தாள், முள்ளங்கியைப் பார்த்தாள், பன்னைப் பார்த்தாள்.

“ரெண்டாந்தடவ பொரிக்கிறீங்களா?”

“ஆமா. அப்படித்தானே செய்யணும்?” குரல் தனக்கே அந்நியமாக இருந்தது, ரொம்பக் கெஞ்சுகிறதோ. “சாஸ்தான்… சரியா வந்துச்சா இல்லியான்னு தெரியல. ருசி பாக்க ஆளில்ல பாரு.”

சும்மா பேச்சுக்குச் சொன்னாள். பிள்ளை ஜன்னலைப் பார்த்தது, மழையைப் பார்த்தது, பிறகு நேராக வந்து ஒரு ஸ்பூனை எடுத்துச் சட்டியில் விட்டு வாயில் வைத்தது. துப்பவில்லை. ருஸ்னானி அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்கியது நன்றாகத் தெரிந்தது. என் கண்முன்னாலேயா, இவ்வளவு தைரியமா என்று வாய் திறந்தவள், பிள்ளையின் காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“எனக்கு லீவு, மக்சிக்” என்றாள் கிஸ்தினா, சட்டியைப் பார்த்தபடியே. “நாலு நாளா.”

நாலு நாளா… விரிப்பு, உடுப்பு, கப்பு, பன்… எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மேலே விழுந்தது. பெண்ணாய்ப் பிறந்து முப்பது வருஷத்துக்கு மேல் அதே விரிப்பைத் துவைத்தவள் நான், என் புத்தி எங்கே போனது? மற்ற எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் முதல் நாளே மூக்கில் வியர்த்திருக்கும், இவள் என்றதும் குற்றம் மட்டும்தான் கண்ணுக்குப் பட்டதா? பிள்ளைக்கு இது முதல் தடவை. வீட்டில் சொல்ல ஆளில்லாமல், அப்பா முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு பசியில்லாத நேரத்தில் எழுந்து ஸஹர் சோறு தின்று, பகலில் திருடி மாதிரி ஒளிந்து நூடுல்ஸ் தின்று… ருஸ்னானிக்குக் கண் கரித்தது, எண்ணெய்ப் புகை என்று வைத்துக்கொள்ளலாம்.

“வயிறு வலிக்குதா?”

“மொத நாள் வலிச்சுச்சு.”

“அதுக்கு… வச்சிருக்கியா?”

“ஸ்கூல் கடையில வாங்குனேன். தீந்துபோச்சு.”

அடுப்பை அணைத்துவிட்டு மாவுக்கையோடு அறைக்கு ஓடி, அலமாரிக் கோடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினாள். பிள்ளை அதை வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டது, வீட்டில் வேறு யாருமில்லை, இருந்தும். “அப்பாகிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ்” என்றது. ருஸ்னானி தலையை ஆட்டினாள். இதைச் சொல்ல மாட்டேன் கண்ணு, இதைவிட மோசமானதைச் சொல்லிவிட்டேன்… அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை. கிஸ்தினா உள்ளே போகத் திரும்பியவள் நின்று, “இதுல பெலாச்சான் போட்டீங்களா?” என்றாள், உதடு ஓரத்தில் சிரிப்பா அது? “கொஞ்சம் சீனி போடுங்க. சரியாயிடும்.”

பிள்ளை குளியலறைக்குப் போனதும் போனை எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மழையில் வேன் ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். மறுபடியும் அடித்தாள், சீனியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, மறுபடியும், முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே. செய்தி அனுப்பலாம், என்னவென்று அனுப்புவது? கேட்காதீங்க என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். வாசலிலேயே மடக்கி ஏதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வேன் வந்து நின்றதும் மசூதியில் பாங்கு ஆரம்பித்ததும் ஒன்றாக நடந்தது, அவர் தலையைத் துடைத்துக்கொண்டே நேராக வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டார், கிஸ்தினாவும் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

துஆ ஓதி, பேரீச்சம்பழம், தண்ணீர், ரோஸ் பால். அவர் பர்கரை எடுக்கவில்லை. “கிஸ்தினா” என்றார். அந்தக் குரல் ருஸ்னானிக்குத் தெரியும். “குப்பையில நூடுல்ஸ் கப்பு கெடந்துச்சாம். அது…”

“நான்தான் தின்னேன்.”

இரண்டு பேரும் இவளைப் பார்த்தார்கள். பாங்கு முடிந்துவிட்டது, நோன்பு திறந்தாகிவிட்டது, இனிச் சொல்கிற பொய் நோன்பைத் தொடாது என்று ஒரு மூலையில் கணக்குப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு லீவு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. காலையில உங்ககிட்ட இவ பேரச் சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட மனுஷன் ரஹிமி. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மகள் தட்டில் தலையைப் புதைத்திருந்தாள், காது இரண்டும் அந்த விழுது நிறத்தில் இருந்தன. மெல்லப் பர்கரைக் கையில் எடுத்தார். “மழ விட்டுடுச்சு போல” என்றார். வெளியே கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டார்கள். ருஸ்னானி முதல் தடவையாக அதைக் கடித்தாள், மொறுமொறுப்பு, தித்திப்பு, பின்னாலிருந்து காரம், காரத்துக்கு அடியில் அவளுடைய பெலாச்சான், நன்றாகத்தான் இருந்தது என்று தோன்றியது, இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று யாரிடம் கேட்பது. நிமிர்ந்தபோது கிஸ்தினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்கிற பார்வையில்லை, கோபமுமில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். நாளிதழில் சுற்றிப்போட்ட கப், அதைப் பிரித்துப் பார்த்தது யார், காலையில் போய்ச் சொன்னது யார்… ருஸ்னானிக்கு அப்போதுதான் உறைத்தது, தான் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் நிஜம், அதைத்தான் பிள்ளை காதில் வாங்கியிருக்கிறது. நாளைக்கும் அவளுக்கு லீவு இருக்கும். நாளை மத்தியானம் இந்த அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுவாளா, இல்லை மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வாளா… கேட்க முடியவில்லை. மிச்சமிருந்த இரண்டு பன்னையும் ஒரு தட்டில் வைத்து மூடினாள், அலமாரிக்குள் வைக்கப் போனவள் திரும்பி வந்து, மேஜையிலேயே, அந்தப் பிள்ளை உட்காருகிற பக்கமாக வைத்தாள்.